டில்லிக்கு நான்கு வரி

வியாழன் மாலை நாலே முக்காலுக்கு
அங்கனா ஒரு பெரிய அட்டையோடு வந்தாள்.
"நாளைக்கு டில்லிக்கு லாஸ்ட் டே.
இங்கிலீஷில் நாலு லைன். ரைம் கட்டாயம்.
நீதான் கவிதையெல்லாம் எழுதுகிற ஆளாச்சே."
எந்தப் பார்ட்டியில் உளறினேனோ.

டில்லி என்பது ஊரல்ல.
பெல்லந்தூரில், ஆறாவது மாடியில்,
எனக்கு இடப்பக்கத்து நாற்காலி.
தில்லைநாயகி என்று வந்து சேர்ந்தவளை
கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று
சிஸ்டம் பாதியாக வெட்டியது.
மிச்சத்தை எங்கள் நாக்கு பார்த்துக்கொண்டது.
தில்லை ஒரு மரம், அதன் பால் பட்டால் கண் போகும்,
ஜாக்கிரதை என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.
சிரித்தோம். பிறகு ஏழு வருடம்
டில்லி என்றால் திரும்பினாள்.

டில்லிக்கு ரைம் வரிசை கட்டி நின்றது.
சில்லி என்றால் அசட்டுத்தனம்,
சில்லி என்றால் குளிர்,
சில்லி என்றால் மிளகாய்.
ஆங்கிலத்தில் ஆளுக்கொரு முகம்,
தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே சில்லி.
ஏசி குளிரில் சால்வைக்குள் நடுங்குபவள்,
கேன்டீன் பஜ்ஜியில் மிளகாயைப் பிரித்து
என் தட்டில் வைப்பவள்:
ஒன்பது நிமிடத்தில் நான்கு வரியும் முடிந்தது.

ஒரே ஒரு நிபந்தனை.
அவள் ஏன் போகிறாள் என்பது வரக்கூடாது.
அதற்கு மெயிலில் வேறு பெயர் இருந்தது, ரைட்சைசிங்.
அதற்கும் ரைம் உண்டு, அப்பாலஜைசிங்.
மெயிலில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

இரவு, சில்க் போர்டு சிக்னலில்
கேப் அசையாமல் நின்ற நாற்பது நிமிடம்
வெட்டிப்போட்ட பாதிக்கும் தேடினேன்.
நாயகிக்கு ஆங்கிலம் தாராளம்:
கீ, ஃபீ, ஃப்ரீ.
லாக்கர் கீயைத் திருப்பித் தர வேண்டும்.
ஃப்ரீ, திங்கட்கிழமையிலிருந்து.

தில்லைக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.
அவர்கள் சொல்லை வாலில் பிடிக்கிறார்கள்,
நாம் இரண்டாம் எழுத்தில்.
கையை அங்கே வைத்ததும் தானாக வந்தன
எல்லை, தொல்லை, முல்லை,
வில்லை.
என் தலைவலிக்கு அவள் டிராயரில் இருந்ததும் வில்லை,
நாளை அவள் கழுத்திலிருந்து கழற்றித் தரப்போவதும் வில்லை.
இன்னொன்றும் இருந்தது.
எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது அதுதான்.
கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டியபின்
அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.
வாசித்தாள். கைதட்டினோம்.
என் பக்கம் குனிந்து தமிழில் கேட்டாள்,
"இதில் நான் எந்த சில்லி?"
குளிர் என்றேன்.
ம், என்றாள்.

அடுத்த புதன் கீழேயிருந்து செக்யூரிட்டி ருத்ரேஷ் போன்.
பார்சல் வந்திருக்கிறதாம்.
லேபிளில் இருந்ததை எழுத்தெழுத்தாய்க் கூட்டி
முழுதாகச் சொன்னார், தில்லைநாயகி.
இந்தக் கட்டிடத்தில் அதைச் சொன்ன முதல் வாய்.
பிறகு கன்னடத்தில்,
"தில்லை மேடம் இல்லா, அல்வா?"

நாலு வரி வேண்டியிருந்த இடத்தில்
அந்த மனிதர் மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்.
கடைசிச் சொல் அவருக்கு வெறும் கேள்வி.
தமிழ்க் காதுக்கு அது
அவளுக்கு நாங்கள் கொடுத்தது.

இறங்கிப்போய் வாங்கி வந்தேன்.
முதுகுவலிக்காரர்களுக்கான நாற்காலி மெத்தை,
சாம்பல் நிறம், ஆயிரத்து நூறு ரூபாய்,
பணம் கட்டியாகிவிட்டது.
முகவரி கேட்டு அனுப்பிய செய்திக்கு
இன்னும் ஒற்றை டிக்தான்.
அதுவரைக்கும் என்று சொல்லிக்கொண்டு
அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
உண்மையைச் சொன்னால், நல்ல மெத்தை.